கம்போடியா வேலைப் பக்கேஜ்: கவருக்குள் என்ன இருக்கிறது, எதை ‘மறுகா’ என்கிறார்கள்

மண்ணிறக் கவர் ஒன்று. உள்ளே டிக்கட் பிரதி, ஒரு மாத விசாத் தாள், ஹோட்டல் புக்கிங், இரண்டு பக்க ‘ஒஃபர் லெட்டர்’, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிய துண்டு. காத்தான்குடி, கல்முனை, வாழைச்சேனை, அக்கரைப்பற்று என்று எங்கே வாங்கினாலும் ‘கம்போடியா வேலை’ என்று விற்கப்படும் பக்கேஜில் இவ்வளவுதான் இருக்கும். விலை ஆளைப் பார்த்து மாறும். பேச்சு லட்சத்தில்தான் தொடங்கும். விற்கிறவர் மாறினாலும் கவருக்குள் சாமான் மாறுவதில்லை. ஆகவே எந்த ஏஜென்சியின் பெயரும் இங்கே வராது. சாமானை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

விற்கிறவர் வாயில் ஒரு சொல் அடிக்கடி வரும்: ‘மறுகா’, அதாவது ‘பிறகு’. “வேர்க் பேமிட் மறுகா எடுக்கலாம் மனே.” “கொம்பனிப் பெயர் மறுகா வரும்.” “பியூரோ பதிவு மறுகா பாப்பம், இப்ப டிக்கட் விலை ஏறுது.” (பியூரோ என்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்.) கம்போடியச் சட்டம் எதையெல்லாம் முதலில் கேட்கிறதோ, அதையெல்லாம் இந்தப் பக்கேஜ் மறுகாவுக்குத் தள்ளி வைக்கிறது.

டிக்கட்டில் பெரிய பிழை இருக்காது. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அது உண்மையில் டிக்கட்டா, வெறும் முன்பதிவா என்பது. ஆறு எழுத்து, எண் கொண்ட முன்பதிவு இலக்கத்தை விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். 13 இலக்க டிக்கட் எண் காட்டினால்தான் காசு கட்டப்பட்டிருக்கிறது. திரும்பி வரும் டிக்கட் என்று தருவது பல நேரம் காசு கட்டாத முன்பதிவு. ஓரிரு நாளில் தானாக அழிந்துவிடும். இரண்டு, எந்த விமான நிலையம் என்பது. புனோம் பென்னுக்கு 2025 செப்டம்பர் 9 முதல் புதிய தேச்சோ சர்வதேச விமான நிலையம்தான். அங்கோர் பக்கம் போகிறவர்களுக்கு 2023 ஒக்டோபரில் திறந்த சியெம் ரீப் விமான நிலையம். மூன்றாவதுதான் முக்கியம்: டிக்கட் பாங்கொக்கோடு முடிகிறதா? “அங்கயிருந்து வேனில கொண்டுபோய் விடுவாங்க” என்று சொன்னால் அந்த இடத்திலேயே கவரைத் திருப்பிக் கொடுங்கள். தாய்லாந்து–கம்போடியா தரை எல்லை 2025 ஜூனில் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. அந்த வழியாக வேனில் போவதென்றால் ஒன்று காட்டுப்பாதையால் களவாகக் கடப்பது. இல்லாவிட்டால் வேன் கம்போடியாவுக்கே போகாது. வடமேற்கே தாய்லாந்தின் எல்லை நகரான மே சொட் போய், ஆற்றைக் கடந்தால் மியன்மாரின் மியாவாடி.

விமானத்தில் போகிறவர்கள் நிரப்ப வேண்டிய ‘இ-அரைவல்’ படிவம் இலவசம். வந்திறங்கும் நாளுக்கு முந்திய ஏழு நாளுக்குள் கைபேசியிலேயே நிரப்பலாம். குடிவரவு, சுகாதாரம், சுங்கம் மூன்றும் அதற்குள் வந்துவிடும். இதற்கென்று தனியாகக் காசு கேட்டால் அந்தக் காசு போகிற இடம் கம்போடிய அரசாங்கம் அல்ல.

இனி விசா. கம்போடிய விசாவில் ஒரே ஓர் எழுத்தைத்தான் தேட வேண்டும். ‘ரி’ (T) என்றால் சுற்றுலா, ‘ஈ’ (E) என்றால் சாதாரண விசா. இரண்டுக்கும் முதலில் 30 நாள்தான். கட்டணத்தில் வித்தியாசமும் அதிகமில்லை: சுற்றுலாவுக்கு 30 டொலர், ஈ விசாவுக்கு 35 டொலர். வேறுபாடு அதற்குப் பிறகுதான் தெரியவரும். ரி விசாவை ஒரே ஒரு தடவை, இன்னும் 30 நாளுக்கு நீடிக்கலாம். அத்தோடு முடிந்தது, அதை வேலை விசாவாக்க வழியில்லை. ஈ விசாவை உள்ளே போனபின் ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீடிக்கலாம். வேலை செய்கிறவருக்கு ‘ஈபி’, வேலை தேடுகிறவருக்கு ‘ஈஜி’, ஓய்வுபெற்றவருக்கு ‘ஈஆர்’, மாணவருக்கு ‘ஈஎஸ்’. ஒரு மாத, மூன்று மாத நீடிப்பில் ஒருமுறை வெளியே போனால் விசா முடிந்துவிடும். ஆறு மாதம், ஒரு வருடம் என்றால் போய் வரலாம்.

பக்கேஜில் இருப்பது அநேகமாக ரி. ஐந்து டொலர் மிச்சம் பிடிக்க அப்படிச் செய்யவில்லை. ஈபி நீடிப்புக்கு வேலை கொடுக்கிறவரின் கடிதம் வேண்டும். கடிதம் வேண்டுமென்றால் பதிவான கொம்பனி வேண்டும். அது இல்லாததால்தான் ரி. “உள்ளுக்குப் போனா மாத்திரலாம்” என்று சொல்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துக்கு? பதில் வராது.

விசா முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 10 டொலர் தண்டம். முப்பது நாளைத் தாண்டினால் தண்டத்தோடு நாடுகடத்தலும் வரலாம். வேலையிடத்தில் பாஸ்போட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு உங்கள் பெயரில்தான் ஏறும். விசா முடிந்து ஆறு மாதம் அடைபட்டுக் கிடந்தவர் வெளியே வரும்போது, பட்ட அடியோடு ஆயிரத்து எண்ணூறு டொலர் கடனும் சேர்ந்து நிற்கும்.

கவரில் அதிக நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டியது ‘ஒஃபர் லெட்டர்’. மேலே பளபளப்பான லோகோ. பதவி: ‘கஸ்டமர் சேர்விஸ்’ அல்லது ‘டேட்டா என்ட்ரி’. சம்பளம் ஆயிரம் டொலருக்கு மேல், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். வேலையிடம்: கம்போடியா. அவ்வளவுதான், நாட்டின் பெயரோடு முகவரி முடிந்துவிடும். “மட்டக்களப்பில் வேலை” என்று எழுதினாலே கல்லடியா, செங்கலடியா என்று கேட்கிற ஆட்கள் நாம். ஒரு முழு நாட்டை முகவரியாக எழுதினால் கேட்க மாட்டோமா?

கம்போடிய முகவரி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இந்தக் கடிதத்தின் பொய் உடனே பிடிபடும். நாடு புனோம் பென் தலைநகரும் 24 மாகாணங்களுமாகப் பிரிந்திருக்கிறது. மாகாணத்துக்கு ‘கயெத்’ என்று பெயர். நம்முடைய ‘க்ஷேத்திரம்’ என்ற சொல்தான் அங்கே அப்படித் தேய்ந்திருக்கிறது. அதற்குள் ‘ஸ்ரொக்’, அதற்குள் ‘கும்’, அதற்குள் ‘பூம்’. பூம் என்பது ‘பூமி’. கிராமம் என்று பொருள். தலைநகருக்குள் ஸ்ரொக், கும் இடத்தில் ‘கான்’, ‘சங்காத்’ என்று வரும். தலைநகரையே ‘ரீச் தியானி’ என்பார்கள். எழுத்தில் பார்த்தால் ‘ராஜதானி’. ஆக, உண்மையான கொம்பனி முகவரியில் கட்டட இலக்கம், வீதி இலக்கம், பூம், சங்காத் அல்லது கும், கான் அல்லது ஸ்ரொக், பிறகு மாகாணம் என்று படிப்படியாக வரும். பூமின் தலைவர் ‘மேபூம்’. நம்மூர் கிராம உத்தியோகத்தர் மாதிரி, யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தவர். கும், சங்காத் மட்டத்தில் 2002 முதல் தேர்தலில் தெரிவான சபை உண்டு. இவ்வளவு அடுக்கு இருக்கிற நாட்டில் ஒரு கொம்பனி முகவரி இல்லாமல் இருக்காது. இருக்கிற முகவரியை மறைக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொம்பனி இருக்கிறதா என்று இங்கிருந்தே பார்க்கலாம். கம்போடிய வர்த்தக அமைச்சின் வணிகப் பதிவுத் தளம் எல்லோருக்கும் திறந்தது. கொம்பனிப் பெயரையோ பதிவு இலக்கத்தையோ போட்டால் கம்போடியரின் மொழியான கெமர் எழுத்திலும் ஆங்கிலத்திலும் பெயரும், பதிவின் நிலையும் வரும். பெயர் இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். இன்னொரு கொம்பனியின் பெயரைக் களவெடுத்துக் கடிதம் அடிப்பது சுலபம். தளத்தில் இருக்கும் முகவரியும் கடிதத்தில் இருக்கும் முகவரியும் ஒத்துப்போகிறதா, கடிதம் வந்த மின்னஞ்சல் அந்தக் கொம்பனியுடையதா, இலவச மின்னஞ்சலா என்று பாருங்கள். நேர்முகப் பரீட்சை டெலிகிராமில் மட்டும் நடந்து, ஆங்கிலத் தட்டச்சு வேகத்தை மட்டும் கேட்டிருந்தால், அவர்கள் எந்தக் ‘கஸ்டமருக்கு’ ஆள் எடுக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

சம்பளக் கணக்கும் இடிக்கும். கம்போடியாவின் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளியின் சட்டபூர்வக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 208 டொலர், 2026இல் 210 டொலர். கெமர் தெரியாத, அனுபவம் இல்லாத, இருபத்திரண்டு வயதுப் பொடியனுக்கு அதைப் போல ஐந்து மடங்கு எதற்காகக் கொடுப்பார்கள்? அதோடு ஒரு தொழில்தருநர் வைத்திருக்கும் கம்போடியத் தொழிலாளர் தொகையில் வெளிநாட்டவர் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அங்கே பொது விதி. அலுவலக ஊழியர் 3, தொழில்நுட்பத் திறன் உள்ளவர் 6, திறன் இல்லாத வேலைக்கு 1 சதவீதம். கணக்குப் பார்த்தால், திறன் தேவையில்லாத வேலைக்கு ஒரு வெளிநாட்டவரை எடுக்க நூறு கம்போடியர் அங்கே வேலை செய்ய வேண்டும். விதிவிலக்குக் கேட்கலாம், அதையும் தொழில் அமைச்சிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த வருடத்துக்கான ஒதுக்கீட்டை முந்திய செப்டம்பர் முதல் நவம்பர் வரைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். “இந்தக் கிழமையே இருபது பேர் வேணும்” என்ற விளம்பரம் இந்த விதிக்குள் எங்கே பொருந்தும் என்று விளம்பரம் போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

“அங்க போய் சொந்தமா ஓட்டோ ஓடலாம், சலூன் போடலாம்” என்று ஆசை காட்டுவதும் உண்டு. சாரதி வேலை, முடி வெட்டுவது, தையல், வாகனம் திருத்துவது, தெரு வியாபாரம், பொற்கொல்லர் தொழில் உட்படப் பத்துத் தொழில்களை வெளிநாட்டவர் சொந்தமாகச் செய்ய 2019இல் அமைச்சு ஆணை மூலம் தடை போட்டிருக்கிறார்கள். நம் ஆட்களின் கைக்கு வந்த தொழில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இப்போது ‘வேர்க் பேமிட் மறுகா’. கம்போடியத் தொழிற் சட்டம் 1997இல் வந்தது. அதன் 261ஆம் உறுப்புரை, தொழில் அமைச்சு வழங்கிய வேலை அனுமதியும் தொழில் அட்டையும் இல்லாமல் எந்த வெளிநாட்டவரும் வேலை செய்ய முடியாது என்கிறது. அதற்கு நிபந்தனைகள்: தொழில்தருநரிடம் வெளிநாட்டவரை வைத்திருக்க முன்கூட்டிய அனுமதி, வேலைக்கு வருகிறவர் சட்டப்படி நாட்டுக்குள் வந்திருப்பது, செல்லுபடியான பாஸ்போட், வதிவிட அனுமதி, வேலைக்கேற்ற உடல்தகுதி, தொற்றுநோய் இல்லாமை. அனுமதி ஒரு வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். கட்டணம் வருடத்துக்கு 100 டொலர். மருத்துவப் பரிசோதனைச் செலவு வேறு. விண்ணப்பம் இணையத்தில்தான், கொம்பனியின் கணக்கு வழியாகப் போகும். ஒதுக்கீடு இல்லாத கொம்பனியால் அந்த விண்ணப்பத்தைத் தொடவே முடியாது. ஆகவே ‘மறுகா’ என்றால் ‘இல்லை’ என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டம் நல்ல சட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 48. கிழமையில் தொடர்ந்து 24 மணித்தியாலம் ஓய்வு. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. இரவிலோ ஓய்வு நாளிலோ என்றால் இரட்டிப்பு. மாதத்துக்கு ஒன்றரை நாள் வீதம் வருடத்துக்கு 18 நாள் சம்பளத்தோடு லீவு. தகுதிகாண் காலம் சாதாரண ஊழியருக்கு மூன்று மாதம், திறன் உள்ள தொழிலாளிக்கு இரண்டு, மற்றவருக்கு ஒன்று. அதற்கு மேல் இழுக்க முடியாது. கால எல்லை போட்ட ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு வருடத்தைத் தாண்டக்கூடாது. எழுத்தில் இல்லாவிட்டால் கால எல்லை இல்லாத ஒப்பந்தமாகிவிடும். கூலித் தொழிலாளிக்குச் சம்பளம் மாதத்தில் இரண்டு தடவையாவது, 16 நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் கொடுக்க வேண்டும்.

இதோடு ஒஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தை வைத்துப் பாருங்கள். “12 மணித்தியாலம், மாதத்தில் இரண்டு நாள் லீவு, முதல் மூன்று மாதம் பாதிச் சம்பளம், இடையில் விலகினால் கொம்பனி செலவழித்த தொகையைக் கட்ட வேண்டும், பாஸ்போட் பாதுகாப்புக்காக நிர்வாகத்திடம் இருக்கும்.” பல வரிகள் அந்தச் சட்டத்தில் முட்டுகின்றன. விலகினால் காசு என்ற வரியில் மட்டும் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. கால எல்லை ஒப்பந்தத்தைக் காரணமில்லாமல் முறித்தால் நட்டஈடு கேட்கும் உரிமை தொழில்தருநருக்குச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் அது வழக்குப் பேசி வாங்க வேண்டிய காசு. ஆளை மறித்து வைத்து வாங்கும் காசல்ல. 15ஆம் உறுப்புரை கட்டாய வேலையை முற்றாகத் தடுக்கிறது. 16ஆம் உறுப்புரை கடனைக் கழிப்பதற்காக ஆளை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. “உன்ன நாங்க காசு குடுத்து வாங்கினம், அத உழைச்சுக் கட்டு” என்று கேட்ட உடனே அது தொழில் தகராறாக இல்லாமல் போய்விடும். 2008இன் ஆட்கடத்தல் ஒடுக்கச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

இந்தக் கடிதங்கள் எங்கிருந்து முளைத்தன என்பதற்குப் பின்னணி உண்டு. கடற்கரை நகரமான சிஹானுக்வில்லில் கசினோக்களும் இணையச் சூதாட்ட நிலையங்களும் குவிந்திருந்தன. 2019 ஓகஸ்டில் இணையச் சூதாட்ட உரிமங்களை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அடுத்து கொரோனா. வாடிக்கையாளர் போய், கட்டடங்களும் கணினிகளும் மதில்களும் மிஞ்சின. அவற்றுக்குள் இணைய மோசடி புகுந்தது: காதல் பேச்சு, போலி முதலீடு, கிரிப்டோ. தாய்லாந்து எல்லையில் பொய்பெட், வியட்நாம் எல்லையில் பவெட் பக்கமும் இதே கதைதான். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி கம்போடியாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இப்படிப் பலவந்தமாக வேலை வாங்கப்பட்டிருக்கலாம். மியன்மாரில் குறைந்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். பிரதமர் ஹுன் மனெத் 2025 ஜூலையில் ஒடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார், கைதுகள் நடந்தன. முற்றுகையில் பிடிபடுகிறவர் கடத்தப்பட்டவர் என்று கருதப்படாமல், விசா முடிந்த வெளிநாட்டவர் என்று மட்டும் தடுப்பில் வைக்கப்படுவதும் நடக்கிறது. விமான நிலையத்தில் “சுற்றுலா” என்று சொல்லச் சொல்லிக் கவரில் வைத்த துண்டு, அங்கே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு கம்போடியா முழுக்க மதிலும் முள்ளுக்கம்பியும் என்று நினைத்தால் பிழை. சரியான விசாவில் போய், தைப்பவராகவோ கணக்காளராகவோ ஹோட்டல் ஊழியராகவோ சட்டப்படி வேலை செய்கிற வெளிநாட்டவர் அங்கே நிறைய. பக்கேஜ்காரர் சொல்லாத இன்னொன்று, அந்த ஊர் வாழ்க்கை நமக்கு அவ்வளவு அந்நியமில்லை என்பது. ஏப்ரல் நடுப்பகுதியில் நமக்குச் சித்திரைப் புத்தாண்டு என்றால் அவர்களுக்கும் அதே நாட்களில் புத்தாண்டு, மூன்று நாள். தொழிற்சாலைகள் மூடும், எல்லோரும் ஊருக்குப் போவார்கள், அலுவலகத்தில் விசா வேலை எதுவும் நகராது; அந்தக் கிழமையில் போய் இறங்க வேண்டாம். பாத்ரபத மாதத் தேய்பிறைப் பதினைந்து நாளில் ‘ப்சும் பென்’: விடியற்புறம் விகாரைக்குச் சோற்றுருண்டை கொண்டுபோய் முன்னோருக்குப் போடுவார்கள். நம் மாளயமும் அதே பதினைந்து நாள்தான்.

ஆளை ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு, உறவுமுறைதான். மூத்தவரை ‘பொங்’, இளையவரை ‘ஊன்’, மாமா வயதை ‘பூ’, மாமி வயதை ‘மீங்’. கடையில் “பொங்” என்று தொடங்கினாலே முகம் மலரும். கும்பிடுவதும் உண்டு, கூப்பிய கை எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு மரியாதை.

காசு இரண்டு வகை. டொலரும் ஓடும், ரியெலும் ஓடும். ஒரு டொலருக்கு ஏறக்குறைய 4,000 ரியெல். சில்லறை மிச்சம் ரியெலில் வரும். கிழிந்த, மை பட்ட, மடிப்பில் வெட்டுப்பட்ட டொலர்த் தாளைத் தேநீர்க் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். இங்கே மாற்றும்போதே ஒவ்வொரு தாளாகப் பார்த்து வாங்குங்கள். சாப்பாட்டில் அரிசியும் மீனும்தான், அதனால் தப்பலாம். ஆனால் ‘ப்ரஹொக்’ என்ற புளிக்கவைத்த மீன் விழுது மரக்கறிச் சாப்பாட்டுக்குள்ளும் ஒளிந்திருக்கும். நம்மூர் ஜாடிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஹலால் தேடுகிறவர்களுக்கு அங்குள்ள சாம் இன முஸ்லிம்களின் கடைகள் உண்டு. புனோம் பென்னில் அல் செர்கால் பள்ளிவாசலை அண்டி விசாரிக்கலாம்.

வெளிநாட்டவர் குடியிருந்தால் வீட்டுச் சொந்தக்காரர் அதைக் குடிவரவுத் திணைக்களத்தின் கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். 2020 ஜூலை முதல் இந்தப் பதிவு இல்லாமல் விசா நீடிப்புக் கிடைக்காது. வாடகைக்கு எடுத்த அன்றே கேட்டுப் பதிவித்து, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம் கொடுத்த கொம்பனி பதிய மறுத்தால், நீங்கள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைக்கிறது.

நட்சத்திரம் போடச் சொன்னால் டிக்கட்டுக்கு மூன்று, இலவசப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த உதவிக்கு ஒன்று, விசாவுக்கு அரை. ஒஃபர் லெட்டருக்குப் போட இடமில்லை. காசுக்குப் பெறுமதியா? டிக்கட்டும் விசாவும் ஹோட்டலும் தனித்தனியாக நீங்களே எடுத்தால் என்ன வரும் என்று கூட்டிப் பாருங்கள். மிச்சத் தொகைதான் அந்த இரண்டு பக்கத் தாளின் விலை.

சரியான வழி இங்கே பிரதேச செயலகத்திலிருந்தே தொடங்குகிறது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். ஏஜென்சியின் உரிம இலக்கம், அந்த வேலைக்கான அனுமதி இலக்கம் இரண்டையும் எழுதிக்கொண்டு அவரிடம் போங்கள். ஏஜென்சிக்கு உரிமம் இருப்பது வேறு, கம்போடியாவில் இந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருப்பது வேறு; இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சுவரில் பிரேம் போட்டு மாட்டிய உரிமம் மத்திய கிழக்கு வேலைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். பணியகத்தின் தளத்திலும் தேடலாம். 24 மணித்தியாலமும் 1989க்கு எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம். உங்களோடு பேசுகிறவர் சப் ஏஜென்ட் என்றால் அவருடைய கையில் காசு கொடுக்காதீர்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதே குற்றம்.

சொந்தமாகத் தேடிய வேலையென்றாலும் பணியகப் பதிவு கட்டாயம். அதற்கு ஒப்பந்தத்தை அந்த நாட்டுக்குப் பொறுப்பான இலங்கைத் தூதரகம் உறுதிப்படுத்த வேண்டும். இதில் நாள் போகும், அலைச்சலும் உண்டு. ஆனால் பொய்க் கொம்பனி இந்தப் படியில்தான் நின்றுபோகும். பதிவோடு காப்புறுதியும் வரும்; சுற்றுலா விசாவில் போனவருக்கு அது இல்லை.

காசு கட்டிவிட்டீர்கள், இன்னும் போகவில்லை என்றால் பயணத்தை நிறுத்திவிட்டு முறைப்பாடு செய்யுங்கள். “காசு திரும்ப வரட்டும், மறுகா முறைப்பாடு” என்று காத்திருந்தால் ஆளும் இருக்கமாட்டார், கடையும் இருக்காது. ஆள் ஏற்கனவே அங்கே மாட்டியிருந்தால், அங்குள்ள பொலிஸ் இலக்கம் 117. இங்கே வீட்டார் பணியகம், குற்றப் புலனாய்வுத் திணைக்களம், வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு மூன்றுக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கேட்கப்படுவது: பாஸ்போட்டின் முதற்பக்கப் பிரதி, விசாப் பிரதி, கடைசியாக அனுப்பிய இருப்பிடப் புள்ளி, கட்டடத்தின் படம் அல்லது பக்கத்துக் கடைப் பெயர்ப்பலகை. பூம், சங்காத் பெயர் தெரிந்தால் பாதித் தேடல் மிச்சம். விடுவிக்கக் காசு கேட்டால் உடனே அனுப்பாதீர்கள். ஒரு தடவை கட்டியவரிடம் திரும்பவும் கேட்பார்கள். ஏஜென்ட் அனுப்பிய வட்ஸ்அப் குரல் செய்திகளை வேறொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள். தானாக அழியும்படி வைத்திருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் கொடுத்த காசுக்கு அந்தக் குரலை விட்டால் வேறு சாட்சி கிடையாது.